அமுக்கினால் வலிக்காத தோள்

மூன்றாவது மாடித் திருப்பத்தில் பெட்டியின் மூலை சுவரில் உரசியது.

"நிறுத்து. கால்பக்கம் ஒரு சாண் தூக்கு, அப்புறம் திருப்பு" என்று மேல்முனையைப் பிடித்திருந்த ஏணி சொன்னான், உயரத்துக்காக வைத்த பட்டப்பெயர். கீழே பிடித்திருந்த இருவரும் தூக்கினார்கள். கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது, பெட்டி திரும்பிவிட்டது. அலமாரியை இறக்குவதற்கும் மனிதனை இறக்குவதற்கும் இந்த ஆட்களின் கைகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. வாய்கள் மட்டும் வழக்கமான கேலியை விட்டுவிட்டு அடங்கிக் கிடந்தன.

தையல்காரி பெட்டிக்கு நான்கு படி மேலே நின்றிருந்தாள். பெட்டிக்குள் இருந்தவர் அவள் புருஷன். வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது அவர் தொழில். இருபத்தைந்து வருடம் ஊரார் கட்டிலையும் பீரோவையும் தூக்கியவரை ஆட்கள் பெரியவர் என்பார்கள். கூடவே தொழில் செய்த தம்பி சின்னவன். பெட்டி விற்ற கடைக்காரர் இறக்குவதற்குத் தன் ஆட்களை அனுப்புவதாகச் சொன்னார். ஏணி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "எங்க ஆளை நாங்களே எறக்கிக்கறோம்" என்று முடித்துவிட்டான். லிப்ட் ஒன்று இருக்கிறது, இல்லாமல் இல்லை. மூன்று பேர் ஏறினால் நான்காவது ஆள் மூச்சை வெளியில் விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும்.

படியில் சாமான் இறங்கும்போது பாரம் முழுக்கக் கீழே நிற்பவன் தலையில்தான் விழும். அந்த இடம் எப்போதும் பெரியவருடையது. இன்று சின்னவன் யாரையும் கேட்காமல் அங்கே போய் நின்றுகொண்டான். பக்கத்தில் ஊமை. ஊமை என்பது பட்டப்பெயர்தான், தூக்கத்திலும் வாய் மூடாத ஆள்.

மூன்றாவது மாடித் தளத்துக்கு வந்ததும் சின்னவன் தன் முனையை மெல்லத் தரையில் வைத்துவிட்டான்.

தையல்காரிக்கு அது சுருக்கென்று பட்டது. இந்தக் கூட்டத்தில் யாரும் பாதிப் படியில் பாரத்தை வைக்க மாட்டார்கள். வைத்தால் மறுபடி தூக்குவதற்குள் உயிர் போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. சின்னவன் வைத்தான். வைத்ததோடு நிற்காமல் சுவரில் சாய்ந்து, வலது கையால் இடது தோளைப் பிடித்துக்கொண்டான். வாயைப் பெரிதாகத் திறந்து கொட்டாவி விட்டான்.

"என்ன தம்பி?" என்று மேலிருந்து கேட்டாள்.

"ஒண்ணுமில்ல அண்ணி. தோள் புடிச்சுக்கிச்சு. ஒரு நிமிஷம்."

"இடது தோளா?"

"நமக்கெல்லாம் வேற எது வலிக்கும் அண்ணி, இடதுதான்" என்று ஊமை முந்திக்கொண்டு பதில் சொன்னான். அதுவும் பொய்யில்லை. பாரம் ஏறுவது இடது தோளில். அண்ணன் தம்பி இருவரின் வேலைச் சட்டையிலும் இடது தோளுக்கு உள்ளே பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுப்பவள் அவள்தான். ஆறு மாதத்தில் பஞ்சு நைந்து காகிதம் போலாகிவிடும். தோள்வலி இந்த ஆட்களுக்கு வீட்டில் ஒருத்தர் மாதிரி, இருப்பதை யாரும் கவனிப்பதே கிடையாது.

ஆனால் அவள் இறங்கினாள். பெட்டி தளத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. பக்கவாட்டில் திரும்பி, மூடியின்மேல் உள்ளங்கையை ஊன்றி, புருஷனை ஒட்டிக்கொண்டு நுழைந்து அந்தப் பக்கம் போனாள். மேலே உறவுக்காரர்கள் மத்தியில் ஒரு முனகல் எழுந்தது.

சின்னவனின் முகம் கழுவிப் போட்ட துணி போல வெளுத்திருந்தது. நெற்றியில் வியர்வை. தொட்டால் சில்லென்று இருந்தது. அவன் தோளில் கட்டை விரலை வைத்து அமுக்கினாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல அண்ணி. அமுக்கினா வலிக்கல. ஆனா உள்ள வலிக்குது. என்னமோ மாதிரி."

இதே வார்த்தை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அவள் கையில் தைலப் புட்டியோடு நிற்க, புருஷன் சொன்ன அதே வார்த்தை.

அன்றைக்கு யாரோ ஒருவர் வீட்டில் மூன்று கதவு அலமாரியை இறக்கும்போது அதைச் சுற்றிக் கட்டியிருந்த பட்டை நழுவி, அலமாரி சரிந்து, கீழே நின்றவரைச் சுவரோடு வைத்து நெருக்கியது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை, ஒரு சிராய்ப்பு இல்லை. எழுந்து, உதறிவிட்டு, மிச்ச சாமான்களையும் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து டீ குடித்தார். தோள் வலிக்கிறது என்றார். அவள் ஒரு மணி நேரம் தைலம் தேய்த்தாள். தாகம் என்றார், தண்ணீர் கொடுத்தாள். குளிர்கிறது என்றார், போர்த்திவிட்டாள். கொட்டாவியாக விட்டார். களைப்பு, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று அவளே சொன்னாள். எட்டு மணிக்குக் குளியலறைக்குப் போனவர் அங்கேயே விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நாடி இருந்தது. அறுவை அறைக்குப் போகிற வழியில் நின்றுபோனது, உள்ளே கொண்டு போயும் திரும்பவில்லை.

வெளியே வந்து சொன்ன அறுவை மருத்துவரிடம் அவள் அழவில்லை. எங்கே வலி, ஏன் வலி என்று கேட்டாள். அப்போது கேட்பதற்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. அவரும் நின்று சொன்னார். "இடது விலாவுக்குக் கீழ மண்ணீரல்னு ஒண்ணு இருக்கும்மா, உள்ளங்கை அளவு. அது கிழிஞ்சா ரத்தம் வெளிய வராது, வயித்துக்குள்ளயே தேங்கும். தேங்கின ரத்தம் மேல போய் மூச்சு விடற தசையை உறுத்தும். அந்த வலி அங்க தெரியாது, இடது தோள்ல வந்து தெரியும். தோளை அமுக்கிப் பாத்தா வலிக்காது, ஏன்னா தோள்ல ஒண்ணும் இல்ல."

இப்போது அவள் சின்னவனின் கண்ணைப் பார்த்தாள்.

"அன்னைக்கு உனக்கும் அடி பட்டுதா?"

"இல்ல."

"தம்பி."

"மேல நின்னவனுக்கு என்ன அடி படும் அண்ணி. விடுங்க, பெட்டியைத் தூக்கணும்."

அவள் பேச்சை வளர்க்கவில்லை. அவன் சட்டையைப் பிடித்து இடுப்பிலிருந்து மார்புவரை தூக்கினாள். இடது விலாவின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலமாக ஒரு கன்றல். ஓரம் மஞ்சளாக மாற ஆரம்பித்திருந்தது. படிக் கைப்பிடியின் மூலைக்கட்டை அச்சு எடுத்த மாதிரி பதிந்திருந்தது.

"என்ன காரியம் பண்றே நீ" என்று மேலேயிருந்து நாத்தனார் அதட்டினாள். இறந்தவரின் அக்கா, குடும்பத்தில் அவள் குரல் கேட்டால் கடிகாரமும் ஓடத் தயங்கும். "புருஷனை நடுப்படியில போட்டுட்டு, நாலு பேர் முன்னாடி கொழுந்தன் சட்டையைத் தூக்கிப் பாத்துக்கிட்டு."

"அக்கா, இவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். இப்பவே."

"மூணு நாளா சோறு தண்ணி இல்லாம கெடக்கறான். மயக்கமா வராம என்ன வரும்? அடக்கம் முடிஞ்சு ஒரு வாய் சாப்பிட்டா சரியாப் போயிடும்."

"நானும் அப்படித்தான் சொன்னேன் அக்கா, செவ்வாக்கிழமை."

நாத்தனார் கைப்பிடியைப் பிடித்தபடி படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏணிதான் நடைமுறையைப் பேசினான். ஆம்புலன்சைக் கூப்பிட்டுப் பார்த்தான், இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்றார்கள். ஆஸ்பத்திரி பத்து நிமிடத் தொலைவு. கீழே அவர்களுடைய வண்டி நிற்கிறது. சாமான் ஏற்றுகிற அதே வண்டியைத்தான் இன்று பெரியவரை எடுத்துப் போகக் கழுவித் துடைத்து, கம்பளி விரித்து நிறுத்தியிருந்தார்கள். இருப்பது ஒரே வண்டி.

"அண்ணி, வண்டியை எடுத்தா பெட்டி இங்கயே கெடக்கும். மேலயும் கொண்டு போக முடியாது, எல்லாரும் படியில நிக்கறாங்க. அடக்கத்துக்குப் பன்னெண்டு மணி குடுத்திருக்காங்க."

தையல்காரி பெட்டியைப் பார்த்தாள். கல்யாணமாகி அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது சின்னவனுக்குப் பதினொரு வயது. அவனுக்குப் பள்ளிச் சட்டை தைத்துத்தான் அவள் இந்த ஊரில் தையல் தொழிலையே ஆரம்பித்தாள். இருபத்து மூன்று வருடத்தில் அவனைக் கேட்காமல் புருஷனும் அவளும் ஒரு சினிமாவுக்குக்கூடப் போனதில்லை. அவனை விட்டுவிட்டுப் போனால் முகம் தொங்கிவிடும்.

"அவர் காத்திருப்பாரு" என்றாள். "இவன் காத்திருக்க மாட்டான். வண்டியை எடு."

சின்னவன் தானே இறங்குவதாகச் சொன்னான். ஒரு படியும் நடக்கக் கூடாது என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். சாமான் சுற்றும் கம்பளி ஒன்று வந்தது. நாலு பேர் நாலு மூலையைப் பிடித்து அவனைக் கிடத்தித் தூக்கினார்கள்.

"சாமானா நான்?" என்றான் சின்னவன். உதடு வெளுத்திருந்தாலும் வாய் குறையவில்லை.

"இப்போதைக்குச் சாமான்தான். ஒடையக்கூடிய சாமான். பேசாம கெட" என்றான் ஏணி.

வண்டியின் பின்பக்கத்தில் அவன் தலைமாட்டில் அவள் உட்கார்ந்தாள். ஏணி ஓட்டினான். பள்ளம் மேடு பார்த்து அவ்வளவு பதமாக அவன் ஒரு கண்ணாடி அலமாரியைக்கூட ஓட்டிப் போனதில்லை. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். நாடி மெல்லியதாக, அவசர அவசரமாக ஓடிக்கொண்டிருந்தது.

"தண்ணி இருக்கா அண்ணி?"

"கிடையாது. இன்னைக்கு உனக்குத் தண்ணி கிடையாது."

வண்டிச் சுவரில் மாட்டியிருந்த பட்டைகள் ஆடிக்கொண்டிருந்தன. அவன் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"ஒண்ணு சொல்லணும். அன்னைக்குப் பட்டை கட்டினது நான். ரெண்டு சுத்து சுத்தணும். ஒரு சுத்து சுத்திட்டு முடிச்சுப் போட்டுட்டேன். கட்டியாச்சான்னு அண்ணன் கேட்டாரு. ஆச்சுன்னேன். அது வழுக்குச்சு. புடிக்கப் பாத்தேன், என்னையும் இழுத்துட்டுப் போய் கைப்பிடியில மோதிச்சு."

"அதான் யார்கிட்டயும் சொல்லலையா?"

"எந்த வாயால சொல்றது? அண்ணன் போய்ட்டாரு. நான் விலா வலிக்குதுன்னு நிக்கறதா?"

அவளுக்குக் கோபம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஒரு சுற்று. ஒரே ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகும், நூல் கோக்கிற நேரம். அவன் மணிக்கட்டிலிருந்து கையை எடுத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கை அங்கேயே இருந்தது, அது நாடியை எண்ணிக்கொண்டிருந்தது.

"நான் அவருக்கு ஒரு மணி நேரம் தைலம் தேய்ச்சேன்" என்றாள். "ரெண்டு தம்ளர் தண்ணி குடுத்தேன். போத்தி விட்டேன். பக்கத்துத் தெருவுல டாக்டர் இருக்காரு, எட்டு மணி வரைக்கும் இருப்பாரு. நான் தூங்குங்கன்னு சொன்னேன்."

அவன் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போனது.

"உன்மேல எனக்குக் கோவம் இருக்கு தம்பி. நிறைய இருக்கு. அதைக் காட்டறதுக்கு நீ உயிரோட இருக்கணும். இப்ப மூச்சு விடு. பேசாத."

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் பெண் மருத்துவர் ஒருத்தி இருந்தாள். வயது முப்பது இருந்தால் அதிகம், பேனாவைக் காதில் சொருகியிருந்தாள். சின்னவன் அவளிடம் பழைய பாட்டையே பாட ஆரம்பித்தான். துக்க வீடு டாக்டர், தூங்கல, சாப்பிடல, தலை சுத்துது. மருத்துவர் தலையாட்டிக்கொண்டே நாடி பார்த்தாள்.

"அதெல்லாம் இல்ல" என்று தையல்காரி குறுக்கே வந்தாள். அளவு சொல்கிற குரலில், ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். "செவ்வாக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு இடது விலாவுல கட்டை மோதியிருக்கு. இன்னைக்குப் பாரம் தூக்கினான். அதுக்கப்புறம் இடது தோள் வலிக்குது, அமுக்கினா வலிக்கல. கொட்டாவி விடறான், தாகம்ங்கறான், உடம்பு சில்லுன்னு இருக்கு. இவன் அண்ணன் இதே மாதிரி இருந்து இதே எடத்துல செத்துப்போனாரு, அதே அலமாரி. மண்ணீரல் கிழிஞ்சு."

மருத்துவர் அவளை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் அந்த அறையில் யாரும் நடக்கவில்லை, எல்லோரும் ஓடினார்கள்.

வயிற்றில் பசை போன்ற ஒன்றைத் தடவி, கைக்கு அடக்கமான கருவியை விலாவின் அடியில் வைத்து நகர்த்தினாள் மருத்துவர். சின்னத் திரையில் சாம்பல் நிறமாக ஏதேதோ தெரிந்தது. இடது பக்கம் வந்ததும் நடுவில் கன்னங்கரேலென்று ஒரு பட்டை.

"இந்தக் கறுப்பு இருக்கக் கூடாது. ரத்தம் இது" என்றாள். திரும்பி, "நூத்தி இருபத்தி நாலு நாடி, பிரஷர் தொண்ணூறு. ரெண்டு கையிலயும் பெரிய ஊசி போடுங்க. ரத்தம் கொண்டு வரச் சொல்லுங்க, வகை பாக்கறவரைக்கும் ஓ நெகட்டிவ். ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லுங்க" என்றாள். குரல் உயரவே இல்லை. சின்னவனின் சட்டையைக் கத்தரியால் வெட்டினார்கள். நல்ல துணி, போன வருடம் அவள் தைத்தது. வெட்டட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் ரத்தப் பை ஏறியதும் கொஞ்சம் தெளிந்தான். "பாத்தீங்களா அண்ணி, சரியாப் போச்சு" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் கண் செருகியது. பிரஷர் எழுபது என்று இயந்திரம் காட்டியது. விரிவான ஸ்கேனுக்குக் கொண்டு போக நேரமில்லை, நேரே தியேட்டர்தான் என்று யாரோ சொன்னார்கள். கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஓடினார்கள். நடையின் அந்தக் கோடியில், கை கழுவிக்கொண்டு நின்றவர் திரும்பினார். செவ்வாய்க்கிழமை அவளிடம் பேசிய அதே அறுவை மருத்துவர்.

அவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். கட்டிலைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். அவசரமாக உள்ளே போனார்.

கதவு மூடிக்கொண்டது. மூன்று நாளுக்கு முன் மூடிய அதே கதவு. தாளில் கையெழுத்து வாங்க வந்த நர்ஸ், நோயாளிக்கு என்ன உறவு என்றாள். அண்ணி என்றாள் தையல்காரி. நெருங்கின சொந்தம் வேற யாரும் இல்லையா என்றாள் நர்ஸ். "இதைவிட நெருக்கமா யாரும் இல்ல" என்று சொல்லி, கையெழுத்துப் போட்டாள். கதவுக்கு எதிரே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

பதினைந்து நிமிடத்தில் ஊமை வந்து சேர்ந்தான், இன்னொரு ஆளையும் இழுத்துக்கொண்டு. ரத்தம் வேண்டியிருக்கும் என்று யாரோ சொன்னார்களாம். பீரோவை முதுகில் சுமந்து ஐந்து மாடி ஏறுகிற ஊமை, ஊசியைப் பார்த்ததும் "என்னங்க இது, இவ்வளவு நீளமா" என்று கேட்டு, பதில் வருவதற்கு முன்னாலேயே சரிந்துவிட்டான். எழுப்பி உட்கார வைத்து, பழச்சாறு கொடுத்தார்கள். இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தான். கொடுத்து முடிக்கிறவரை வாயும் மூடியிருந்தது என்பது அந்தக் கூட்டத்தில் பிற்பாடு சரித்திரமானது.

"அங்க என்ன நடக்குது?" என்று அவனிடம் கேட்டாள்.

"மூணு பேரு பெட்டிகிட்ட இருக்காங்க அண்ணி. ஏணி அடக்கம் பண்ற எடத்துல போன்ல பேசிட்டான். ஆறு மணி வரைக்கும் கதவு சாத்த மாட்டாங்க. பெரியக்கா ஒரு நாற்காலியைப் போட்டுப் பெட்டி பக்கத்துலயே உக்காந்துட்டாங்க. மேல கொண்டு போயிடலாமான்னு ஒருத்தர் கேட்டதுக்கு, 'அவ வந்து சொல்லட்டும், அதுவரைக்கும் யாரும் கையை வைக்காதீங்க'ன்னுட்டாங்க. கீழ் வீட்டுக்காரங்க எல்லாருக்கும் டீ குடுத்தாங்க. போக வர ஆளுங்க பெட்டியை ஒட்டி நுழைஞ்சு போறாங்க. யாரும் மொணங்கல."

ஒன்றேமுக்கால் மணிக்கு அறுவை மருத்துவர் வெளியே வந்தார். போன தடவை முகமூடியைக் கழற்றாமல் வந்திருந்தார். இந்தத் தடவை கதவிலேயே கழற்றிவிட்டார். அவளுக்கு அது போதுமாக இருந்தது, இருந்தாலும் எழுந்து நின்றாள்.

"மண்ணீரலை எடுத்துட்டோம். வயித்துல ரெண்டு லிட்டர் ரத்தம். கிழிசல் அன்னைக்கே ஆயிருக்கு, மேல ரத்தம் உறைஞ்சு மூடி மாதிரி அடைச்சிட்டிருந்திருக்கு. இன்னைக்குப் பாரம் தூக்கினதும் மூடி தெறிச்சிடுச்சு. இப்ப பிரஷர் நிக்குது, ரத்தப்போக்கு இல்ல. மண்ணீரல் இல்லாமலும் இருக்கலாம், சில தடுப்பூசி போடணும், காய்ச்சல் வந்தா அன்னைக்கே ஓடி வரணும். மூணு மாசம் ஒரு தலகாணிகூடத் தூக்கக் கூடாது."

அவள் தலையாட்டினாள். அவர் உடனே போகவில்லை.

"செவ்வாக்கிழமை நான் சொன்னதெல்லாம் உங்க காதுல விழுந்திருக்கும்னு நான் நினைக்கல" என்றார்.

"விழுந்துது டாக்டர்."

அவர் அவள் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனார். அவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து, மூன்று நாளில் முதல் தடவையாக, சத்தம் போட்டு அழுதாள். சந்தோஷத்துக்கு எவ்வளவு, துக்கத்துக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியாத அழுகை. ஊமை பக்கத்தில் உட்கார்ந்து, மிச்சமிருந்த பழச்சாற்றை நீட்டினான்.

மூன்றரை மணிக்கு ஒரு நிமிடம் பார்க்க விட்டார்கள். குழாய்களுக்கு நடுவில் சின்னவன் கிடந்தான். உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. கண்ணைத் திறந்து அவளைத் தேடினான்.

"வலிக்குது அண்ணி."

"எங்க?"

"எல்லா எடத்துலயும்."

"அப்பாடா. இப்பவாவது சொன்னியே."

அவன் கொஞ்சம் யோசித்தான், எதையோ எட்டிப் பிடிக்கிறவன் மாதிரி. "அண்ணன்?"

"படியில இருக்காரு."

"இன்னுமா?"

"பின்ன, உன்னைப் பத்தித் தெரியாம அவர் போவாரா? நான் போய்ச் சொல்லிட்டு, எறக்கிட்டு வரேன். நீ தூங்கு. ஊமை இங்க இருப்பான்."

"பேசிக்கிட்டே இருப்பானே."

"இருக்கட்டும்."

அவன் விரல் அவள் விரலைப் பிடித்துக்கொண்டது. பட்டையைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் தலையை அசைத்தாள். அந்தப் பேச்சு இருக்கிறது, எங்கேயும் போய்விடாது, அவன் எழுந்து உட்காரட்டும். விரலை மெல்ல விடுவித்துக்கொண்டு கிளம்பினாள்.

ஏணி வண்டியை வாசலில் நிறுத்தியபோது நாலரை. அவள் படியேறினாள். மூன்றாவது மாடித் தளத்தில் பெட்டி விட்ட இடத்திலேயே இருந்தது. சமையலறை நாற்காலியில், மூடியின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். ஐந்து மணி நேரம். காலடிச் சத்தம் கேட்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை, கால் மரத்துப் போயிருந்தது.

"எப்படி இருக்கான்?"

"உயிருக்கு ஆபத்து இல்ல அக்கா. வலிக்குதுங்கறான்."

நாத்தனார் பெட்டியைப் பார்த்துக் குனிந்தாள். "கேட்டியாடா" என்றாள், தம்பியிடம். அப்புறம் கையை நீட்டி, தையல்காரியின் கையைப் பிடித்து இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். காலையில் சொன்னதற்கு அது பதிலா என்று தையல்காரி யோசிக்கவில்லை. அந்தக் கன்னம் ஈரமாக இருந்தது.

ரத்தம் கொடுத்த இருவரைக் கழித்துவிட்டால் தூக்குவதற்குச் சரியாக நாலு பேர் இருந்தார்கள். ஏணி கீழ்ப்பக்கம் போனான். பட்டைகளை இன்னொரு தடவை சுற்றி முடிந்தார்கள். முன்னால் போய் வழி பார்க்க ஆள் இல்லை. பாரத்தோடு இறங்குகிறவனுக்குத் தன் கால் தெரியாது, படியில் என்ன கிடக்கிறது என்று ஒருவர் முன்னால் போய்ச் சொல்லிக்கொண்டே இறங்க வேண்டும்.

"நான் போறேன்" என்றாள் தையல்காரி.

அவள் பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். பின்னால் ஏணி மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது.

"ம்" என்றான்.

அவள் இறங்க ஆரம்பித்தாள். "பதினொரு படி. நாலாவதுல ஓரம் ஒடைஞ்சிருக்கு, வலது பக்கமா வாங்க." இரண்டாம் மாடித் தளத்தில் யாரோ கழற்றிப்போட்ட செருப்புகளைக் காலால் ஒதுக்கினாள். "இங்க திருப்பம். அவசரம் வேண்டாம்." பின்னால் மரம் முனகியது, ஆட்களின் மூச்சு ஒரே சீராக வந்தது. முதல் மாடியில் ஒரு கதவு பாதி திறந்திருந்தது. உள்ளேயிருந்த குழந்தை எட்டிப் பார்த்தது. அவள் விரலை உதட்டில் வைத்தாள். அதுவும் தன் விரலை உதட்டில் வைத்துக்கொண்டது.

கீழ்த்தளத்தில் பெயின்ட் வாளி ஒன்று வழியை மறித்துக்கொண்டு நின்றது. தூக்கி ஓரமாக வைத்தாள். வெளிக்கதவின் ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தது. மற்றப் பக்கத்தின் தாழ்ப்பாள் துருப்பிடித்துப்போய் யாரும் தொடாமல் கிடந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். இரண்டாம் தடவைக்கு வந்துவிட்டது. கதவை முழுக்கத் திறந்து, மூடிக்கொள்ளாமல் இருக்க முதுகால் அணைத்து நின்றாள். தெருவில் வெயில் இன்னும் இருந்தது.

"வாங்க" என்றாள். "இங்க அகலமா இருக்கு."